எலியை அடக்கிவைக்கக் கூடாது

காலை ஐந்தரை ஆனால் போதும், அடுக்ககத்தின் சுவர்களுக்குள் குழாய்கள் இரைய ஆரம்பித்துவிடும். அத்தனை மாடியிலும் அத்தனை வீட்டிலும் ஒரே நேரத்தில் ஆட்கள் கழிப்பறைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். கோயம்புத்தூர் முழுக்க அப்படித்தான். மாநகராட்சி அதற்குக் ‘காலையோட்டம்’ என்று மரியாதையாக ஒரு பெயர் வைத்திருந்தது. அது முடிந்தால் இரவு ஒன்பது மணிக்கு ‘இரவோட்டம்’. நடுவில் ஊருக்கு அந்த நினைப்பே வராது. வரக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

மகிழினி பல் துலக்கியபடி குளியலறைக்கு வெளியே நின்றாள். உள்ளே போன தங்கை தன்விகா வெளியே வருகிற வழியாக இல்லை.

“தன்வி, முடிஞ்சுதா?”

“இன்னொருக்கா உக்காந்துட்டு வந்தர்றேன்க்கா. சித்த இரு.”

“இப்பத்தான போன?”

“முழுசாப் போன மாதிரியே இல்லை.”

வெளியே வந்தபோது தன்விகாவின் வலது கை இடுப்புக்கு மேலே முதுகைப் பிடித்திருந்தது. அக்கா பார்க்கிறாள் என்றதும் கையை எடுத்துவிட்டு, பட்டுக்கடைச் சீருடைச் சேலையின் மடிப்பைச் சரிசெய்தாள். தட்டில் இருந்த இட்லியைத் தின்றாள். தண்ணீர் தம்ளரை எடுத்து ஒரு வாய் மட்டும் குடித்துவிட்டு வைத்தாள்.

“மொத்தமும் குடி. டாக்டர் என்ன சொன்னாரு?”

“குடிச்சா எங்கக்கா போறது?”

மகிழினி தம்ளரை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினாள். எங்கே போவது என்று டாக்டரும் சொல்லவில்லை. போன வாரம் ஸ்கேன் எடுத்துப் பார்த்தவர், வலது சிறுநீரகம் வீங்கிக் கிடப்பதைத் திரையில் காட்டினார். நிறைந்த பையிலிருந்து சிறுநீர் வந்த வழியே மேலே ஏறுகிறது என்றார். பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போய்வந்தால் காப்பாற்றிவிடலாம், இல்லாவிட்டால் இந்த வருடத்தைத் தாண்டாது என்றும் சொன்னார். சொல்லிவிட்டு மேஜையைப் பார்த்தார். அந்த மருத்துவமனையிலேயே போவதற்கு இடம் கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

தாங்கூசி வந்தபோது யாரும் அதைக் கெட்டது என்று நினைக்கவில்லை. முதலில் விண்வெளிக்குப் போகிறவர்களுக்குப் போட்டார்கள். பிறகு ரயில் ஓட்டுகிறவர்கள், நாள் முழுக்க அறுவை செய்கிற மருத்துவர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். ஒரே ஊசி, மூத்திரப்பை நாலு மடங்கு கொள்ளும், முட்டுகிற உணர்வும் லேசில் வராது. அதுவரைக்கும் சரிதான். அப்புறம் கடை முதலாளிகள் கண்ணில் பட்டது. ஒரு கழிப்பறை இருக்கும் இடத்தில் இரண்டு விற்பனை மேஜை போடலாமே என்று கணக்குப் போட்டார்கள். கட்டட விதி திருத்தப்பட்டது. வேலை செய்யும் இடங்களில் கழிப்பறை ‘அவசியமில்லை’ என்றது முதல் திருத்தம். ‘அனுமதியில்லை’ என்றது இரண்டாவது. இப்போது ஐந்து வயதில் பள்ளியில் சேர்க்கும்போதே பிள்ளைகளுக்குப் போட்டுவிடுகிறார்கள். ஊசி பிடிக்காத உடம்புக்காரர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், வயசாளிகள் எல்லாரும் வீட்டோடு கிடக்கிறார்கள். யாரும் அவர்களை வெளியே வரக் கூடாது என்று சொல்லவில்லையாம். வரலாமாம். தாங்க முடிந்தால்.

விலக்கு என்று ஒன்று சட்டத்தில் இருக்கத்தான் செய்தது. தாங்கூசியால் கேடு வருகிறது என்று நிரூபித்தால், பாதிக்கப்பட்டவர் வேலை செய்யும் இடத்தில் முதலாளி கழிப்பறை கட்டித் தர வேண்டும். எப்படி நிரூபிப்பது? ஊசிக்கு அனுமதி எலிகளை வைத்துத்தான் கிடைத்தது, ஆகவே கேட்டையும் எலிகளில்தான் காட்ட வேண்டும். மனிதரின் ஸ்கேன் படம் செல்லாது. அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம் என்றது தொழிலாளர் துறை.

எலிகள் மகிழினியிடம் இருந்தன. அவள் கால்நடை மருத்துவம் படித்தவள். தாங்கூசியைக் கண்டுபிடித்த ஆராய்ச்சி நிறுவனத்தின் எலிமனைக்குப் பொறுப்பாளர்.

எலிமனையில் மூன்று வகை எலிகள் இருந்தன. சாதாரண எலிகள் ஒரு வகை. இரண்டாவது வகைக்குத் தகட்டுமரபணு இல்லை. மூத்திரப்பையின் உட்புறம் ஓடு பதித்த தரை மாதிரி நுண்ணிய தகடுகளால் ஆனது. யூரோபிளாக்கின் என்ற புரதம்தான் அந்தத் தகடு. அதைச் செய்யச் சொல்வது அந்த மரபணு. அதை எடுத்துவிட்டால் எலியின் பை ஒழுகும், சிறுநீர் பின்வாங்கி ஏறும், சிறுநீரகம் ஊதிப்போகும். இது ஊசிக்கெல்லாம் வெகு காலம் முன்பே தெரிந்த விஷயம். மரபணு இல்லாவிட்டால் இவ்வளவு கேடு என்றால், அதையே கூடுதலாகக் கொடுத்தால் எவ்வளவு நன்மை என்று யாரோ யோசித்ததில் பிறந்தது மூன்றாவது வகை. அதன் பெயர் தாங்கெலி. தலைமுறை தலைமுறையாகக் கொழுகொழுவென்று, ஒரு நோய்நொடி இல்லாமல் இருந்தன தாங்கெலிகள். அவற்றின் ஆரோக்கியத்தைக் காட்டித்தான் ஊர் முழுக்க ஊசி போட்டார்கள்.

தன்விகாவின் ஸ்கேனைப் பார்த்த அன்றிலிருந்து மகிழினி அந்த எலிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவை மட்டும் ஏன் நன்றாக இருக்கின்றன? நான்காம் நாள் அவளுக்கு ஒரு சின்ன யோசனை வந்தது. கூண்டின் அடியில் வடிதாளை விரித்து, ஒரு பகல் முழுக்க விட்டு, எடுத்துப் புறஊதாக்கதிர் விளக்கின் கீழ் வைத்தாள். எலி மூத்திரம் அந்த வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும்.

சாதாரண எலியின் தாளில் எத்தனை திட்டுகள் இருந்தனவோ, ஏறக்குறைய அத்தனை தாங்கெலியின் தாளிலும் இருந்தன. மூலையில் ஒரு பெரிய திட்டு. போகிற வருகிற வழியெல்லாம் சின்னச் சின்னதாய். பை நாலு மடங்கு கொள்ளும் என்பதற்காக எந்த எலியும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. தோன்றியபோது, தோன்றிய இடத்தில் போனது.

மகிழினி பழைய சோதனைகளை எடுத்துப் படித்தாள். எலிக்கு மயக்கமருந்து கொடுத்து, குழாய் செருகி, பையில் நீரை ஏற்றி, எவ்வளவு கொள்கிறது என்று அளந்திருந்தார்கள். கொள்ளளவு பிரமாதம் என்று எழுதியிருந்தார்கள். அப்புறம் எலியைக் கூண்டில் விட்டுவிட்டார்கள். அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்து, நன்றாக இருந்து, வயதாகிச் செத்தது. எவ்வளவு தாங்கும் என்று பார்த்தார்களே தவிர, நாள் முழுக்கத் தாங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று ஒருவர்கூடப் பார்க்கவில்லை. படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், ஒரு அறை நிறைய ஆட்கள். எலியை யாரும் தடுக்கவில்லை, தங்கையைத் தடுக்கிறார்கள். இந்த வித்தியாசம் தெரிய ஒரு தாளும் விளக்கும் போதுமாக இருந்தது என்பதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

உடனே விண்ணப்பம் எழுதினாள். பன்னிரண்டு தாங்கெலிகள். பகலில் ஒரு ஷிப்டு நேரம் சிறுநீர் வெளியேறாதபடி மெல்லிய பிடிப்பான் போடுவது, இரவில் எடுத்துவிடுவது. இரண்டு மாதம். பிறகு சிறுநீரகத்தைப் பார்ப்பது. கேடு தெரிந்தால் தன்விகாவுக்கு விலக்கு கிடைக்கும். அவளுடைய வலது சிறுநீரகம் தப்பிக்கும்.

அதைப் பரிசீலிக்க, தன்விகா வேலைக்குப் போன அதே நாள் காலை பத்து மணிக்கு நிறுவனத்தின் விலங்கு நலக் குழு கூடியது. குழுத் தலைவர் டாக்டர் கவுதமன். பக்கத்தில் பொதுமக்கள் சார்பில் ரக்ஷணா என்ற உறுப்பினர். இருவர் முன்னாலும் பெரிய பெரிய தம்ளர்களில் இளநீர் இருந்தது.

“பன்னெண்டு மணி நேரம்னு போட்டிருக்கீங்க,” என்றார் கவுதமன்.

“ஆமாங்க சார். கடைப் பொண்ணுங்களுக்கு அதானுங்க ஒரு ஷிப்டு.”

“எலிக்கு ஏதுங்க ஷிப்டு?”

ரக்ஷணா விண்ணப்பத்தை நகர்த்தி வைத்தார். அவர் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. “எனக்கு இதைப் படிக்கவே முடியலைங்க மகிழினி. வாயில்லாத ஜீவன். அதை ஒண்ணுக்குப் போக விடாம அடக்கி வெக்கறதுன்னா என்ன வேதனைப்படும்?”

“வேதனைப்படுமுங்களா?”

“படாம?”

“சிறுநீரகம் கெட்டுப் போகுமுங்களா?”

“போகும்னு நீங்கதான எழுதியிருக்கீங்க. அதனாலதான் கூடாதுங்கறோம்.”

“என் தங்கச்சி தினமும் அப்படித்தானுங்க இருக்கா. ஆறு வருஷமா.”

கவுதமன் இளநீரைக் குடித்து முடித்தார்.

“அது வேற விஷயமுங்க,” என்றார் ரக்ஷணா, பொறுமையாக. “அவங்க விருப்பப்பட்டு வேலைக்கு வர்றாங்க. ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடறாங்க. எலி எங்கீங்க கையெழுத்துப் போட்டுச்சு? அதுக்காகப் பேச நாமதான இருக்கோம்.”

“என் தங்கச்சிக்காகப் பேச யாருங்க இருக்காங்க?”

“இது விலங்கு நலக் குழுங்க.”

“சரிங்க. அவளுக்கு அஞ்சு வயசுல ஊசி போட்டாங்க. அப்ப அவ எதுல கையெழுத்துப் போட்டா?”

ரக்ஷணா தலைவரைப் பார்த்தார். தலைவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். “சித்த இருங்க, வந்தர்றேன்,” என்று சொல்லிவிட்டு, அறையின் உட்புறமிருந்த மரக்கதவைத் திறந்துகொண்டு போனார். அது அலமாரி அறை என்று மகிழினி இத்தனை வருடமாக நினைத்திருந்தாள். கதவுக்குப் பின்னால் தண்ணீர் அடித்து ஊற்றும் சத்தம் கேட்டது. பட்டப்பகலில், அலுவலகத்தில், அந்தச் சத்தத்தை அவள் கேட்டு இருபது வருடம் இருக்கும்.

கவுதமன் துண்டில் கை துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். அவள் பார்வை எங்கே போகிறது என்பதைக் கவனித்தார்.

“எனக்குச் சர்க்கரை இருக்குதுங்க. ஊசி ஒத்துக்கலை,” என்றார். உட்கார்ந்தார். “எங்க விட்டோம்? ஆங், எலி. மன்னிச்சுக்கோங்க, முடியாதுங்க. இது கொடுமை. இந்த நிறுவனத்துல நடக்க விட மாட்டேன்.”

மகிழினி எழுந்தாள். நாற்காலியை எடுத்து வீச வேண்டும் போல இருந்தது. அழுகை வந்தால் ஆத்திரம் கரைந்துவிடுமோ என்று பயந்து பல்லைக் கடித்தாள். ஒரு வணக்கம்கூட வைக்காமல் வெளியே வந்து, அப்படியே தன்விகாவின் பட்டுக்கடை இருக்கும் காந்திபுரத்துக்குப் போகும் வண்டியில் ஏறினாள். தங்கையை வேலையைவிட்டு அழைத்து வந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். சம்பளம் போனால் போகட்டும். வீட்டோடு கிடந்தாலும் இரண்டு சிறுநீரகத்தோடு கிடக்கட்டும்.

பட்டுக்கடையின் மூன்றாம் மாடி முகூர்த்தப் பட்டுக்கு. மாடிப்படி முடிகிற இடத்தில் பெரிய பித்தளை உருளியில் ரோஜா இதழ்கள் மிதந்தன. மேஜைகளுக்குப் பின்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு உட்காரவும் அனுமதி கிடையாது. தன்விகா ஒரு கல்யாண வீட்டு அம்மாவுக்கு அரக்குச் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது, உதடு வெளுத்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

“வா, வீட்டுக்குப் போலாம்,” என்றாள் மகிழினி.

மாடிப் பொறுப்பாளர் ரித்திஷ் அதற்குள் வந்துவிட்டான். இருபத்தெட்டு வயதுப் பையன், கழுத்துப்பட்டை இறுக்கமாக இருந்தது. “மேடம், முகூர்த்த சீசனுங்க. ஸ்டாஃபை நடுவுல அனுப்ப முடியாது. இப்பப் போனா அப்படியே போயிரட்டும்.”

“அப்படியே போகட்டும்னுதான் வந்திருக்கேன். தன்வி, வா.”

தன்விகா இரண்டு அடி எடுத்து வைத்தாள். மூன்றாவது அடிக்கு மேஜையைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள். நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நின்றது.

“முடியலைக்கா,” என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். “வீடு வரைக்கும் தாங்காது.”

வீடு ஒரு மணி நேரத் தொலைவு. நடுவில் எத்தனையோ கடைகள், அலுவலகங்கள், மருத்துவமனைகள், கோயில்கள். போவதற்கு ஓரிடம் இல்லை. மகிழினி சுற்றும் முற்றும் பார்த்தாள். பட்டு, கண்ணாடி, விளக்கு, மனிதர்கள். ஒரு மறைவுகூட இல்லை. தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு அவளும் குந்தினாள்.

“இங்கயே போ தன்வி.”

“எல்லாரும் பாக்கறாங்கக்கா. வேண்டாம். செத்தாலும் பரவால்ல, வேண்டாம்.”

பக்கத்து மேஜையில் நின்ற பெண்ணின் பெயர் வெண்பா. இருபது வயது இருந்தால் அதிகம். அவள் இவ்வளவு நேரம் எதையும் கேட்காத மாதிரி சேலை மடித்துக்கொண்டிருந்தாள். இப்போது மடிப்பதை நிறுத்தினாள். நேராக மாடிப்படிப் பக்கம் போய், உருளியைச் சாய்த்து ரோஜாவையும் தண்ணீரையும் தரை துடைக்கும் வாளியில் ஊற்றினாள். இன்னொருத்தி ஓடி வந்து மறுபக்கக் காதைப் பிடித்தாள். இரண்டு பேருமாக அதைத் தூக்கிவந்து தன்விகாவின் பக்கத்தில் வைத்தார்கள்.

“வெண்பா, என்ன பண்ணற?” என்றான் ரித்திஷ்.

வெண்பா மேஜையிலிருந்த அரக்குச் சேலையை எடுத்தாள். வாடிக்கையாளருக்கு விரித்துக் காட்டும் அதே வீச்சில் ஒரு உதறு உதறினாள். சேலை முழு நீளத்துக்குக் காற்றில் பரந்தது. எதிர்மேஜைப் பெண் அதன் மறுநுனியைப் பிடித்தாள். அடுத்து ஒரு மாம்பழ மஞ்சள் விரிந்தது, அடுத்து பச்சை. அவர்களுக்கு அது தினப்படி வேலை, ஒருவர் சொல்லத் தேவையில்லை. நாலு பக்கமும் பட்டுச் சுவர் எழும்பி நின்றது. ஒரு நுனியைப் பிடிக்க மட்டும் ஆள் குறைந்தது. மகிழினி எழுந்து அதைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வெளிப்பக்கம் திருப்பினாள்.

“போங்க்கா,” என்றாள் வெண்பா, உள்ளே பார்க்காமல். “யாரும் பாக்கலை. நாங்க நிக்கறோம்.”

பித்தளையில் சத்தம் விழுந்தது. நெடுநேரம் விழுந்தது. மாடி முழுக்கக் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

ரித்திஷ் கத்திக்கொண்டிருந்தான். சேலையைப் பிடித்து இழுக்கக் கை நீட்டினான். சரிகையைப் பார்த்ததும் கை தானாகப் பின்வாங்கியது. “மேடம், எல்லாம் கேமராவுல பதிவாகுதுங்க. கேஸ் ஆயிரும்.”

“ஆகட்டும்,” என்றாள் மகிழினி. குரல் அவளுடையது போலவே இல்லை. “ஒரு உயிரை அடக்கி வெக்கறது கொடுமைன்னு இன்னிக்குக் காலைலதான் பெரியவங்க சொன்னாங்க. எந்த உயிருன்னு கேஸ் போட்டுக் கேளுங்க.”

தன்விகா வெளியே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவின் கையிலிருந்த நுனியை வாங்கிப் பிடித்தாள். வெண்பா தன் நுனியை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. அவளுக்கு வரவில்லை. அப்புறம் வந்தது. வெளியே வரும்போது விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள்.

“என்ன கண்ணு, வலிக்குதா?” என்றாள் மகிழினி.

“இல்லீங்க்கா.” வெண்பா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். “வெளிச்சத்துல போனதே இல்லீங்க. வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து ஒருநாக்கூட.”

மகிழினி அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். இருபது வயதுப் பெண். அவள் வயதுக்காரர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். மறந்துபோனால்கூட நினைவுபடுத்தலாம், இவர்களிடமிருந்து தெரியும் முன்பே எடுத்துவிட்டார்கள்.

மேஜைகளுக்குப் பின்னாலிருந்து மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். தள்ளுமுள்ளு இல்லை. கல்யாண வீட்டு அம்மா தன் கைப்பையை மகளிடம் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார்.

“ஏனம்மிணி, நானும் போலாமா?”

“பின்னாடி நில்லுங்கம்மா,” என்றாள் ஒருத்தி.

ரித்திஷ் யாரையோ போனில் அழைத்துக் காவலர்களை அனுப்பச் சொன்னான். கீழே படிகளில் பூட்ஸ் சத்தம் கேட்கத் தொடங்கியது. பட்டுச் சுவர் லேசாக ஆடியது, ஆனால் இறங்கவில்லை.

தன்விகா அக்காவின் பக்கம் சாய்ந்தாள். வலி கொஞ்சம் விட்டிருந்தது, பயம் விடவில்லை. “இது இன்னிக்கு ஒருநாளைக்கு ஆச்சு. மூணு மணி நேரத்துல மறுபடியும் வரும்க்கா. நாளைக்கும் வரும்.”

பதில், மறுபடி எதிர்முனையைப் பிடித்திருந்த வெண்பாவிடமிருந்து வந்தது.

“வரட்டுங்க்கா. நாங்க எப்படியும் நாள் முச்சூடும் நின்னுட்டுத்தான இருக்கோம்.”